முழங்காலுக்கு வயது பத்தா?

கண்டியில் வாழ்பவர்களின் முழங்கால்களுக்கு ஓய்வு குறைவு. மஹியாவையானாலும் ஹீரஸ்ஸகலையானாலும் பஹிரவகந்தையானாலும், வீட்டிலிருந்து பாதைக்கு வருவதற்கு இறங்க வேண்டும். பாதையிலிருந்து வீட்டுக்குப் போவதற்கு ஏற வேண்டும். சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கோ நாள் முழுவதும் சரிவுதான். இப்படி உழைத்த முழங்கால்கள் அறுபது வயதைத் தாண்டும்போது வலிக்கத் தொடங்குகின்றன. மருந்து, தைலம், பயிற்சி எதுவும் கைகொடுக்காத நிலையில் வைத்தியர் செயற்கை மூட்டு பற்றிப் பேசுவார். அந்தப் பேச்சு வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர் சொல்லும் முதல் வசனம் இதுதான்: "அது பத்து வருஷம்தான் நிக்கும்."

இந்த ஒரு வசனத்தை நம்பி வலியோடு வருடக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டிருப்போர் பலர். பால் பைக்கற்றில் அச்சிட்டிருப்பதைப்போல செயற்கை மூட்டிலும் காலாவதித் திகதி உண்டா? இல்லையென்றால் அது எதனால் தேய்கிறது? எது அதன் ஆயுளைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது? உயர்தர வகுப்பில் நாம் கற்கும் பௌதிகவியலும் இரசாயனவியலும் உயிரியலும் சேர்ந்துதான் இக்கேள்விகளுக்கு விடை தருகின்றன.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது?

முழங்காலில் தொடை என்பின் கீழ்நுனியும் கணைக்கால் என்பின் மேல்நுனியும் சந்திக்கின்றன. முன்னால் முழங்காற் சில்லு இருக்கிறது. என்புகளின் நுனிகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. அதனிடையே மசகெண்ணெய் போல ஒரு பாய்பொருள் உண்டு. கசியிழையம் தேய்ந்து போனால் அது இலகுவில் மீள வளர்வதில்லை. என்போடு என்பு உரசும். அதுதான் மூட்டுத்தேய்வு நோயின் வலி.

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் முழு முழங்காலையும் வெட்டி எறிந்துவிட்டு இரும்பு முழங்காலொன்றைப் பூட்டுவார்கள் என்றே பலர் நினைக்கிறோம். உண்மையில் சேதமடைந்த மேற்பரப்புகளை மட்டும் சில மில்லிமீற்றர் தடிப்பில் சீவி எடுத்துவிட்டு, பல்லுக்குத் தொப்பி போடுவதைப்போல மூடி போடுகிறார்கள். தொடை என்பின் நுனிக்குப் பெரும்பாலும் கோபாற்று–குரோமியக் கலப்புலோக மூடி. கணைக்கால் என்பின் மேல் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் வெண்மையான பிளாஸ்டிக் துண்டு ஒன்று. இந்தப் பிளாஸ்டிக் துண்டுதான் தேய்வின் கதாநாயகன். உலோகம் வன்மையானது, பிளாஸ்டிக் மென்மையானது. ஆகவே இரண்டும் உரசும்போது தேய்வது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பொலியெதிலீன். கடையில் சாமான் போட்டுத் தரும் பையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் மூட்டில் உள்ளதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக நீளமானவை. அதன் மூலக்கூற்றுத் திணிவு பல மில்லியன்களில் அமையும். நீண்ட நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பிரித்தெடுப்பது கடினமல்லவா? அந்தச் சிக்கலே அதன் பலம்.

செருப்பு சொல்லும் பாடம்

தேய்வைப் புரிந்துகொள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. வாசலில் கழற்றி வைத்திருக்கும் செருப்புகளைப் பார்த்தாலே போதும். பாரம் கூடியவரின் செருப்பு விரைவில் தேயும். அதிகம் நடப்பவரின் செருப்பும் அப்படியே. நல்ல இறப்பர் நின்று பிடிக்கும். மலிவான இறப்பர் கரைந்துவிடும். கரடுமுரடான பாதை செருப்பைத் தின்னும். காலைச் சாய்த்து நடப்பவரின் செருப்பில் குதிப்பக்கம் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருக்கும். இன்னுமொன்று: பெருநாளைக்கென்று வாங்கி அலுமாரியில் வருடக்கணக்கில் வைத்த செருப்பின் அடி, ஒரு நாளும் அணியாமலேயே பொடிப்பொடியாக உதிர்வதையும் நாம் கண்டிருக்கிறோம்.

செயற்கை மூட்டின் தேய்வைத் தீர்மானிக்கும் காரணிகள் ஏறத்தாழ இவ்வளவுதான். 1953 இல் ஆர்ச்சார்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதில் ஒரு பகுதியைச் சமன்பாடாகத் தந்தார். இரண்டு பரப்புகள் உரசும்போது தேய்ந்து போகும் கனவளவு, பாரத்துக்கும் நழுவிய தூரத்துக்கும் நேர்விகிதசமன். மென்மையான பொருளின் வன்மைக்கு நேர்மாறு விகிதசமன் என்பதே அது. இதில் "காலம்" என்ற கணியம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூட்டைத் தேய்ப்பது வருடங்கள் அல்ல. அதன் மேல் நாம் வைக்கும் அடிகள். அலுமாரிச் செருப்பு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதைப் பற்றிப் பொருளைப் பேசும்போது பார்ப்போம்.

முதலாம் காரணி: பொருள்

பொருத்தமான பொருளைத் தேடி மனிதன் நெடுந்தூரம் நடந்திருக்கிறான். 1890 இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் யானைத் தந்தத்தால் ஆன முழங்கால் மூட்டைப் பொருத்திப் பார்த்தார். கிருமித்தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

அடுத்த பெரிய பாடம் இடுப்பு மூட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் சார்ன்லி, ஒட்டாத தாச்சிகளில் பூசப்படும் டெப்லோனை 1950களின் இறுதியில் இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தினார். உராய்வு மிகக் குறைவு என்பதால் அதுவே சிறந்தது என்று அவர் எண்ணினார். நோயாளிகளும் வலியின்றி நடந்தார்கள். ஆனால் ஓரிரு வருடங்களில் டெப்லோன் தேய்ந்து, அதன் துகள்களைச் சுற்றித் திசுக்கள் வீங்கின. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் மூட்டுகளை மீண்டும் திறக்க நேர்ந்தது. உராய்வு குறைவாக இருப்பதும் தேய்வு குறைவாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை மருத்துவ உலகம் அப்போது விலை கொடுத்துக் கற்றது.

1962 இல் ஒரு விற்பனையாளர், நெசவாலை இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பயன்படும் பொலியெதிலீன் துண்டொன்றைக் கொண்டுவந்து காட்டினார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அவரது உதவியாளர் ஹரி கிரேவன் விடாமல் அதனைத் தேய்வு இயந்திரத்தில் ஓடவிட்டார். மூன்று வாரங்கள் ஓடியும், டெப்லோன் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அதன் பிறகும் சார்ன்லி அவசரப்படவில்லை. இரண்டு பொருள்களின் துகள்களையும் தன் தொடையிலேயே செலுத்தி உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். டெப்லோன் இருந்த இடம் வீங்கியது. பொலியெதிலீன் இருந்த இடம் அமைதியாக இருந்தது. அந்த ஆண்டில் நுழைந்த பொலியெதிலீன் இன்றுவரை மூட்டுகளில் இருக்கிறது.

இனி அலுமாரிச் செருப்புக்கு வருவோம். உடலுக்குள் வைக்கும் எதுவும் கிருமியற்றதாக இருக்க வேண்டும். அதற்காகப் பொலியெதிலீனைச் சாதாரண வளி நிறைந்த பொதியில் வைத்துக் காமாக் கதிர்களைச் செலுத்தினார்கள். கிருமிகள் அழிந்தன. ஆனால் கதிர்கள் பொலியெதிலீனின் பிணைப்புகளையும் உடைத்துச் சுயாதீன மூலிகங்களை உருவாக்கின. நாம் சேதன இரசாயனவியலில் படிக்கும் அதே மூலிகங்கள்தான். வளியிலுள்ள ஒட்சிசன் அவற்றோடு தாக்கமடைய, நீண்ட சங்கிலிகள் சிறு சிறு துண்டுகளாயின. களஞ்சியத் தட்டில் சில வருடங்கள் கிடந்த துண்டு, உடலுக்குள் போவதற்கு முன்பே உள்ளுக்குள் பழுதடைந்திருந்தது. நடக்கத் தொடங்கியதும் அதன் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்தது. 1990களில் இதனை உணர்ந்த பின்னர்தான் ஒட்சிசன் இல்லாத பொதிகளும் சடத்துவ வாயு நிரப்பிய பொதிகளும் கதிர்வீச்சு இல்லாத கிருமியழிப்பு முறைகளும் வழக்கத்துக்கு வந்தன.

விரோதியாக இருந்த அதே கதிரை நண்பனாக்கியதுதான் அடுத்த கட்டம். கூடுதலான அளவு கதிரைச் செலுத்தினால் உடைந்த சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு குறுக்கே பிணைந்துகொள்கின்றன. வலையில் முடிச்சுகள் கூடினால் வலை இறுகுவதுபோல் பொருள் தேய்வை எதிர்க்கும். எஞ்சிய மூலிகங்களை வெப்பமேற்றி நீக்குகிறார்கள். அல்லது விற்றமின் ஈ கலந்து அடக்குகிறார்கள். எண்ணெய்ப் பலகாரம் காறிப்போகாமல் காக்கும் ஒட்சியேற்ற எதிரியான அதே விற்றமின்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

ஆனால் இடுப்பு மூட்டில் குறுக்கிணைப்பு தந்த அளவு பெரிய நன்மையை முழங்காலில் எதிர்பார்க்க முடியாது. அதற்குக் காரணம் முழங்காலின் வடிவம்.

இரண்டாம் காரணி: வடிவமும் தடிப்பும்

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து. பாரம் முழுக் கிண்ணத்திலும் பரவுகிறது. முழங்காலோ தட்டின் மேல் உருளும் இரு சில்லுகள் போன்றது. தொடுகின்ற பரப்பு சிறியது. அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தது என்று பாடசாலையில் படிக்கிறோம். பரப்பு குறையக் குறைய அமுக்கம் கூடும். ஆகவே முழங்காலில் பிளாஸ்டிக் உரசித் தேய்வதோடு, கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதுபோல உள்ளுக்குள் வெடித்து மேற்பரப்பில் குழிகள் விழுவதும் உண்டு. குறுக்கிணைப்புக் கூடினால் பொருள் உரசலைத் தாங்கும். ஆனால் வெடிப்பைத் தாங்கும் சக்தி ஓரளவு குறையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமநிலையைத் தேட வேண்டியிருக்கிறது.

பிளாஸ்டிக்கைக் கிண்ணம்போல் ஆழமாகக் குழித்தால் பாரம் நன்கு பரவும். ஆனால் முழங்கால் சுதந்திரமாகத் திரும்ப முடியாமல் போய், அந்த இழுவை என்போடு இணைந்த இடத்தைத் தளர்த்தும். தட்டையாக விட்டால் சுதந்திரம் உண்டு, தேய்வும் உண்டு. 1974 இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சால், இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரனாவத், பொறியியலாளர் பீற்றர் வோக்கர் ஆகியோர் உருவாக்கிய மூட்டு இந்த இழுபறிக்கு ஒரு நல்ல நடுவழியைக் கண்டது. இன்றைய மூட்டுகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள். அந்த ரனாவத்தான் இந்தியப் பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாயின் இடது முழங்காலை 2000 ஒக்டோபரிலும் வலது முழங்காலை 2001 ஜூனிலும் மும்பாயில் மாற்றினார். பதவியிலிருக்கும் பிரதமர் ஒருவர் செய்துகொண்டதால் இச்சிகிச்சையின் பெயர் எமது பிராந்தியத்தின் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

தடிப்பும் முக்கியம். மெல்லிய பாய்மேல் படுத்தால் தரை குத்தும். தடித்த மெத்தையில் குத்தாது. பிளாஸ்டிக் துண்டு மெல்லியதாக இருந்தால் அதற்குள் தகைப்பு விரைந்து உயரும். ஏறத்தாழ 8 மில்லிமீற்றராவது இருக்க வேண்டுமென 1980களின் ஆய்வுகள் காட்டின. அதற்கு முன்னர் மெல்லிய துண்டுகளோடு வந்த சில வடிவங்கள் விரைவிலேயே தோற்றன.

மூன்றாம் காரணி: பொருத்தும் கை

மிகச் சிறந்த டயரைப் போட்டாலும் சில்லு நேராக இல்லாவிட்டால் டயர் ஒருபக்கம் தேயும். மூட்டும் அப்படித்தான். இடுப்பின் நடு, முழங்காலின் நடு, கணுக்காலின் நடு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருமாறு பொருத்துவது நீண்டகால வழக்கம். 3 பாகைக்கு மேல் விலகக்கூடாது என்ற அளவுகோலையும் பலர் பின்பற்றினர். அந்த எண் அவ்வளவு கண்டிப்பானதா என்று இன்று நிபுணர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் கால் வெகுவாக உட்புறம் வளைந்த நிலையில் பொருத்தினால் உட்பக்கப் பிளாஸ்டிக் மேல் பாரம் குவியும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எலும்பை நேராக்கினால் மட்டும் போதாது. இருபுறமும் உள்ள இணையங்களின் இழுவையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மூட்டு ஆடும். ஆடினால் தேயும்.

மணல் புகுந்த செருப்பைப்போல் இன்னொரு ஆபத்தும் உண்டு. உலோகப் பகுதிகளை என்போடு ஒட்டப் பயன்படும் சீமெந்தின் துணுக்கோ என்புத் துணுக்கோ மூட்டுக்குள் தங்கிவிட்டால், அது உலோகத்தின் வழுவழுப்பைக் கீறும். கீறல் விழுந்த உலோகம் ஒவ்வோர் அடிக்கும் பிளாஸ்டிக்கைத் துருவிபோலச் சுரண்டும். அதனால்தான் காயத்தை மூடுவதற்கு முன்னர் மூட்டை நன்கு கழுவுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு கவனங்கள் மூட்டின் ஆயுளோடு நேரடியாகத் தொடர்புபட்டவை.

நான்காம் காரணி: நாம்

நான்காவது காரணி நோயாளியின் கையில், இல்லை, காலில் இருக்கிறது. ஜேர்மனிய ஆய்வாளர்கள் சில நோயாளிகளின் செயற்கை முழங்காலுக்குள் விசையை அளக்கும் கருவியையே வைத்து, கிடைத்த அளவுகளை 2010 இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் உடல் நிறையின் 261 வீதம், படி ஏறும்போது 316 வீதம், படி இறங்கும்போது 346 வீதம் என்பன அவர்கள் கண்ட சராசரிகள். ஏறுவதுதான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்கு அது உண்மை. முழங்காலுக்கோ இறக்கம்தான் பெரிய பாரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவரது மூட்டு ஏறத்தாழ 207 கிலோகிராமின் பாரத்தைத் தாங்குகிறது. அவர் 5 கிலோகிராம் மெலிந்தால் ஒவ்வோர் இறங்கும் அடியிலும் 17 கிலோகிராம் குறைகிறது. கைப்பிடியைப் பிடித்து இறங்கினால் அதிலும் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். கண்டி வாசிகளான நாம் இந்த எண்களை மனதில் வைத்திருப்பது நல்லது.

பாரத்தோடு தூரமும் உண்டு. செயற்கை மூட்டுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள், ஒரு காலுக்கு வருடத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் அடிகள் என்று எடுத்துக்கொண்டு, 50 இலட்சம் தடவை வளைத்து நிமிர்த்திப் பார்க்கின்றன. ஆனால் மனிதருக்கு மனிதர் நடை வேறுபடும். பருமனானவர் பாரத்தைக் கூட்டினாலும் குறைவாக நடக்கக்கூடும். மெலிந்தவர் ஓடியாடித் திரியக்கூடும். அதனால் எடையை மட்டும் வைத்துத் தேய்வைக் கூறிவிட முடியாது. ஐம்பது வயதில் மூட்டு மாற்றியவரின் மூட்டு எழுபது வயதில் மாற்றியவரின் மூட்டைவிட அதிகமாக உழைக்கும் என்பது மட்டும் தெளிவு.

தூள் செய்யும் வேலை

பிளாஸ்டிக் கொஞ்சம் தேய்ந்தால் என்ன, புதிதாக ஒரு துண்டை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். தேய்ந்த துண்டைவிட, தேய்ந்து உதிர்ந்த தூள்தான் பெரிய பிரச்சினை. அத்துகள்களில் பல ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. எமது உடலின் தின்கலங்கள் அவற்றைக் கிருமிகளென்று எண்ணி விழுங்குகின்றன. கிருமியென்றால் நொதியங்களால் சமிபாடடையச் செய்துவிடலாம். பொலியெதிலீனோ எதற்கும் கரையாது. விழுங்கிய கலம் தோற்றுப்போய் உதவி கேட்டு இரசாயனச் சமிக்ஞைகளை விடுகிறது. அச்சமிக்ஞைகள் என்பை அரிக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. கடைசியில், மூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பே கரையத் தொடங்குகிறது. சுவர் கரைந்தால் ஆணி ஆடுவதுபோல் மூட்டும் தளர்கிறது.

ஆகவே செயற்கை மூட்டின் முடிவைத் தேய்வு தொடக்கி வைத்தாலும், முடித்து வைப்பது எம்மைக் காக்கவென்று படைக்கப்பட்ட எமது சொந்தக் கலங்கள்தான். வலி எதுவும் தெரியாத நிலையிலும் இந்த அரிப்பு நடக்கலாம். வைத்தியர் குறிப்பிட்ட காலத்தில் வந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். "வலி இல்லையே, ஏன் போகணும்" என்று அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

பத்து வருடக் கணக்கு

இனி அந்தப் பத்து வருடத்துக்கு வருவோம். எனது உம்மும்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களும் வில்போல வளைந்துவிட்டன. மூட்டு மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், "பத்து வருஷந்தானே மகள் அது நிக்கும், பொறகு திரும்ப வெட்டணுமா?" என்பார். இந்தக் கேள்விக்கு எண்களால் விடை சொல்லலாம்.

சுவீடன் 1975 இலேயே முழங்கால் மாற்றியோரின் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. பின்னர் பல நாடுகள் அவ்வாறே செய்தன. இப்பதிவேடுகளை வைத்துப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2019 இல் 'லான்செட்' சஞ்சிகையில் ஒரு கணக்கை வெளியிட்டனர். முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் 15 வருடங்களின் பின்னர் ஏறத்தாழ 93 வீதமும், 20 வருடங்களின் பின்னர் 90 வீதமும், 25 வருடங்களின் பின்னர் 82 வீதமும் மீண்டும் மாற்றப்படாமல் நிலைத்திருந்தன. அதே சஞ்சிகையில் 2017 இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் முழங்கால் மாற்றியவருக்கு வாழ்நாளில் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 வீதம்தான். ஐம்பதுகளின் தொடக்கத்திலிருக்கும் ஆணுக்கோ அது 35 வீதம்வரை செல்கிறது. அதே வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 20 வீதம்.

அதாவது "பத்து வருடம்" என்ற பயம், உண்மையில் யாருக்குக் கொஞ்சமாவது பொருந்துமோ அவர்களை விட்டுவிட்டு, பொருந்தவே பொருந்தாத வயோதிபர்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய மூட்டுகளின் அனுபவத்திலிருந்து பிறந்த கதையாக அது இருக்க வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மீளச் செய்யப்பட்ட முழங்கால்களின் காரணங்களை ஒரே குழுவினர் இருமுறை ஆராய்ந்தனர். 2002 இல் வெளியான ஆய்வில் பிளாஸ்டிக் தேய்வுதான் முதலிடம்: 25 வீதம். 2014 இல் வெளியானதில் அது 3.5 வீதமாகச் சுருங்கியிருந்தது. தளர்வும் கிருமித்தொற்றும் முன்னுக்கு வந்திருந்தன. நல்ல பொதியிடலும் நல்ல பொருளும் நல்ல வடிவமும் செய்த மாற்றம் இது. எனவே இன்று செயற்கை மூட்டு வைத்திருப்பவர் தேய்வைவிடக் கிருமித்தொற்றைப் பற்றியே அதிகம் கவனமாக இருக்க வேண்டும். நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் காலில் வரும் சிறு புண்ணையும் அலட்சியம் செய்யாதிருப்பதும் மூட்டைக் காக்கும் வேலைகளே.

விலை கூடிய உலோகம்தான் நீண்டகாலம் நிற்கும் என்ற எண்ணமும் சரியல்ல. நீண்டகாலம் பயன்பட்டு, பதிவேடுகளில் நல்ல பெயர் எடுத்த சாதாரண வடிவமொன்று, நேற்று வந்த ஆடம்பர வடிவத்தைவிட நம்பகமானதாக இருக்கலாம். காணியை ஈடுவைப்பதற்கு முன் இதைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது.

தொழுகையும் முழங்காலும்

மேலே சொன்ன பதிவேடுகள் பெரும்பாலும் கதிரையில் அமரும் சமூகங்களுடையவை. நாமோ தரையில் அமர்கிறோம்; குந்துகிறோம்; தொழுகையில் ஸுஜூது செய்து, குதியின் மேல் அமர்கிறோம். குதியின் மேல் அமர முழங்கால் ஏறத்தாழ 150 பாகையாவது மடங்க வேண்டும். வழமையான செயற்கை மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரையே மடங்குகிறது. அதற்கு மேல் மடக்க முயன்றால் தொடுகை பிளாஸ்டிக்கின் பின்விளிம்புக்கு நகரும், பரப்பு குறையும், தகைப்பு கூடும். ஆசிய நாடுகளின் வழக்கங்களையும் கருத்திற் கொண்டு அதிகம் மடங்கும் வடிவங்கள் வந்தன. ஆனால் சாதாரண வடிவத்தோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் முழங்கால் எவ்வளவு மடங்கியதோ, அதுவே பின்னர் எவ்வளவு மடங்கும் என்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

"மூட்டு மாற்றினால் ஸுஜூது செய்ய முடியாமல் போய்விடும்" என்ற கவலைதான் எம் தாய்மாரைப் பலமாகத் தடுக்கிறது. வலி முற்றிய முழங்காலோடு அவர்களில் பலர் ஏற்கனவே கதிரையில்தான் தொழுகிறார்கள் என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் குறை ஒன்றுமில்லை. நின்று தொழவும் பள்ளிவாசல் படியேறவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் புதிய மூட்டு உதவுமானால் அதுவும் ஓர் அருள்தான். முழந்தாளிடலாமா, எவ்வளவு மடக்கலாம் என்பதை மற்றவர்களின் பேச்சிலிருந்து எடுக்காமல், சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வைத்தியசாலைக்குப் பெரியவர்களோடு போவது அநேகமாக வீட்டிலுள்ள மகளோ பேத்தியோதான். அறைக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் வைத்தியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாகி விடுவார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்தான். எந்த வகை மூட்டு? எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் உள்ளது? காலின் வளைவை எவ்வளவு நேராக்க முடியும்? சத்திரசிகிச்சைக்கு முன் எடையையும் சீனியையும் எந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும்? படிகளுள்ள வீட்டில் எப்படிப் பழகுவது? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்? இந்த ஆறு கேள்விகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகலாம்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவை என்பதல்ல இக்கட்டுரையின் கருத்து. பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் சமாளிப்பவர்கள் ஏராளம். சத்திரசிகிச்சைக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. முடிவை நோயாளியும் வைத்தியரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். ஆனால் அந்த முடிவு, யாரோ எப்போதோ சொன்ன பத்து வருடக் கதையில் தங்கியிருக்கக்கூடாது. எழுபது வயதில் ஒருவரிடம் எஞ்சியிருக்கும் வருடங்கள் பெறுமதியானவை. அவற்றைத் தேய்வுக்குப் பயந்து ஜன்னலோரத்தில் கழிப்பதா, நடந்து கழிப்பதா என்பதை உண்மையான கணக்கைத் தெரிந்துகொண்டு அவரே தீர்மானிக்கட்டும்.

— உயர்தர மாணவி,
உயிரியல் விஞ்ஞானப் பிரிவு